நட்டு ஏன் அசைய மறுக்கிறது?

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றைக் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை அடைந்தால், சுற்றிலும் காப்பித் தோட்டங்களும் மஞ்சக்குட்டை போன்ற சிற்றூர்களும் இருக்கின்றன. இங்கு வாழும் பலருக்கு மோட்டார் சைக்கிள்தான் கால். பால் கேனும் காப்பி மூட்டையும் பள்ளிப் பிள்ளைகளும் அதில்தான் போய் வருகின்றனர்.

இந்த வண்டிகளில் என்றேனும் ஒரு நாள் சைலன்சரைக் கழற்றும் வேலை வரும். அப்போது புகைக்குழாயைச் சிலிண்டர் தலையுடன் பிணைத்திருக்கும் நட்டுகள் அசைய மறுக்கும். முழு பலத்தையும் கொடுத்துத் திருகினால், 'டக்' என்ற ஓசையுடன் ஸ்டட் முறிந்துவிடும். பாதி ஸ்டட் அலுமினியத் தலைக்குள் சிக்கிக்கொள்ளும். பின்பு அதைத் துளையிட்டு எடுத்து, புதிதாக மரை வெட்ட வேண்டும். அந்த வேலை முடியும்வரை வண்டி ஓடாது. வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு வருமானமும் இல்லை.

பலத்தால் ஆகாத இந்த வேலை இயற்பியலால் ஆகும். எப்படி என்று காண்போம்.

மூன்று மடங்கு பருக்கும் துரு

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் வேண்டும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். மலையில் மழைக்கும் பனிக்கும் குறைவில்லை. மேலும், இந்த நட்டுகள் எஞ்சினின் முன்பக்கத்தில் இருக்கின்றன. முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறும் நீரும் நேராக அவற்றின் மீதே விழுகின்றன. சாதாரண கிரீஸ் தடவிக் காக்கலாம் என்றால், அங்குள்ள வெப்பத்தில் அது கருகிவிடும்.

எஞ்சினுக்குள்ளிருந்தும் நீர் வருகிறது! பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது நீராவி உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். குளிர்ந்த காலை வேளையில் வண்டி சிறிது தூரமே ஓடினால், இந்த நீராவி வெளியேறாமல் குழாய்க்குள்ளேயே நீராகப் படியும்.

துரு, தான் தின்ற இரும்பைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மரையில் 0.02 மி.மீ. இரும்பு துருவானால், அங்கே 0.06 மி.மீ. தடிமனுள்ள துரு உண்டாகும். நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் இடையே இருப்பதோ மயிரிழை இடைவெளி. அந்த இடத்தில் துரு ஓர் ஆப்பைப்போல் இறுகிவிடுகிறது.

பலம் ஏன் உதவாது?

திருப்புத்திறன் என்பது விசையையும் கைப்பிடி நீளத்தையும் பெருக்கக் கிடைப்பது அல்லவா? 15 செ.மீ. நீளமுள்ள ஸ்பானரின் முனையில் 10 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கொடுத்தால், திருப்புத்திறன் சுமார் 15 நியூட்டன்-மீட்டர் ஆகிறது. 6 மி.மீ. ஸ்டட்டில் நட்டைப் பூட்டச் சுமார் 10 நியூட்டன்-மீட்டர் போதும். ஆகவே சாதாரணமாகக் கையால் இழுப்பதே எல்லை மீறிய செயல். ஸ்பானரில் நீண்ட குழாயைச் செருகி இழுத்தால் என்ன ஆகும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். முறுக்கைத் தாங்கும் ஆற்றல் விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எனவே துரு அரித்து ஸ்டட்டின் விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், அதன் வலிமை கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

விளக்குத் திரியின் வழி

விளக்குத் திரியில் எண்ணெய் மேலே ஏறுவதற்குக் காரணம் நுண்புழை ஏற்றம். துருவுக்குள்ளும் நுண்ணிய வெடிப்புகள் இருக்கின்றன. மண்ணெண்ணெய் அல்லது டீசலுடன் சிறிது எஞ்சின் ஆயில் கலந்து, எஞ்சின் நன்கு ஆறியபின் மரையில் சொட்டுச் சொட்டாக விட்டால், அது இந்த வெடிப்புகளின் வழியே ஊறிச் செல்லும். ஆனால் இதற்கு நேரம் பிடிக்கும். மாலையில் விட்டு, இரவு முழுவதும் ஊற விடுவது நல்லது. எண்ணெய் விடுவதற்கு முன் கம்பித் தூரிகையால் வெளித்துருவை நீக்க வேண்டும்.

துரு கடினமானது, ஆனால் நொறுங்கக் கூடியது. ஆகவே சுத்தியலால் நட்டை லேசாகத் தட்டினால் துருவில் புதிய வெடிப்புகள் விழும். அறுகோண நட்டின் ஆறு பக்கங்களையும் பற்றும் சாக்கெட்டைப் பயன்படுத்தினால் முனைகள் மழுங்கா. முதலில் இறுக்கும் திசையில் மிகச் சிறிதே அசைத்து, பிறகு கழற்றும் திசையில் திருப்ப வேண்டும். இப்படி முன்னும் பின்னும் அசைத்து, இடையிடையே எண்ணெய் விட்டால் துரு பொடியாகி வெளிவரும்.

வண்டிப் பட்டையின் பாடம்

எண்ணெய்க்கு மசியாத நட்டுக்கு வெப்பம் உதவும். நட்டைச் சூடாக்கினால் அதன் துளை சுருங்குமா, விரியுமா? உலோகம் உட்புறமாகவும் விரிந்து துளையை அடைக்கும் என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. மாட்டு வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை மாட்டுவதை நினைத்துப் பாருங்கள். பட்டையைக் காய்ச்சினால் அதன் உள்வட்டம் பெரிதாகிறது. அதனால்தான் மரச்சக்கரத்தின்மீது எளிதாக அமர்கிறது. நட்டும் அப்படித்தான்.

எஃகின் நீள்விரிவுக் குணகம் 1 டிகிரி செல்சியசுக்கு 0.000012. 8 மி.மீ. துளையுள்ள நட்டை மட்டும் 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், துளை 8 × 0.000012 × 200, அதாவது சுமார் 0.02 மி.மீ. அகலும். துருவின் பிடியைத் தளர்த்த இந்த அளவு போதும். ஆனால் வெப்பம் ஸ்டட்டுக்கும் பரவிவிட்டால் அதுவும் விரியும், பயன் குறையும். ஆகவே நட்டை விரைவாகச் சூடாக்கி, உடனே திருப்ப வேண்டும்.

இது தேர்ந்த மெக்கானிக் செய்யும் வேலை. நீங்கள் செய்யக் கூடாது. மேலே பெட்ரோல் டாங்க் இருக்கிறது. ஊறவிட்ட எண்ணெயும் தீப்பற்றும். 2020 முதல் விற்கப்படும் வண்டிகளில் புகைக்குழாயில் பொருத்தப்பட்டுள்ள ஆக்சிஜன் உணரியும் தீச்சுடரால் கெட்டுவிடும்.

மீண்டும் பூட்டும்போது

பித்தளை நட்டு துருப்பிடிக்காது. அது எஃகைவிட ஒன்றரை மடங்கு அதிகமாக விரிவதால், சூடாக்கிக் கழற்றுவதும் எளிது. சேலம் உருக்காலையில் தயாராகும் துருப்பிடிக்காத எஃகைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நட்டு, ஸ்டட் இரண்டையும் அந்த வகை எஃகில் செய்தால் என்ன? துரு வராது, ஆனால் இறுக்கும்போது உரசி, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளலாம். எனவே எந்த உலோகமானாலும், வெப்பம் தாங்கும் செப்புத்தூள் பசையை மரையில் மெல்லிதாகத் தடவிப் பூட்டுவது நலம். பசை தடவிய மரை எளிதாகச் சுழலும். ஆகவே அளவுக்கு மீறி இறுக்கிவிடக் கூடாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

ஒரே அளவான நான்கு இரும்பு போல்ட்டுகளை வாங்கி, நட்டுகளைப் பூட்டுங்கள். ஒரு மாதம் வரை நாள்தோறும் உப்புநீர் தெளியுங்கள். பிறகு இரண்டுக்கு மட்டும் எண்ணெய்க் கலவை விட்டு ஓர் இரவு ஊற வையுங்கள். மறுநாள் போல்ட்டின் தலையை வைஸில் பிடித்து, ஸ்பானரின் முனையில் பள்ளி ஆய்வகத்தின் வில்தராசை மாட்டிச் செங்குத்தாக இழுங்கள். நட்டு அசையும் கணத்தில் தராசு காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு, ஸ்பானரின் நீளத்தால் பெருக்குங்கள். பொறுமையாக ஓர் இரவு காத்திருந்ததற்கு என்ன மதிப்பு என்பதை அந்த நான்கு எண்களும் உங்களுக்குச் சொல்லும்.