கருஞ்சாயம் ஏறிய கூந்தலை வீட்டில் வெளிறச் செய்யலாமா?

நரைத்த தலையைக் கறுப்பாக்கிக் கொள்ளும் ஆசை இன்று நேற்று எழுந்ததன்று. ஆண்டுகள் பல சென்றும் நரை தோன்றாதிருப்பது எங்ஙனம் என்று வினவியோருக்குப் பிசிராந்தையார் அளித்த விடை புறநானூற்றில் உள்ளது. மாண்புடைய மனைவியும், அறிவு நிரம்பிய மக்களும், முறை தவறாத அரசனும், சான்றோர் பலர் வாழும் ஊரும் வாய்த்தமையே காரணம் என்றார் அப்புலவர். இவை யாவும் ஒருங்கே வாய்க்கப் பெறாத நம்மனோர் கடையிலே சாயம் வாங்குகிறோம்.

கொச்சிக்கடைப் பக்கம் சென்று பாருங்கள். செவ்வாய்க்கிழமைகளில் புனித அந்தோனியார் தேவாலயத்துக்கு வரும் சனத்திரளை நம்பி நடக்கும் சிறு கடைகளிலே, சவர்க்காரத்துக்கும் பற்பசைக்கும் நடுவில் கருஞ்சாயப் பக்கற்றுகள் சரஞ்சரமாகத் தொங்குகின்றன. சாயம் போடும் முறை அப்பக்கற்றின் முதுகிலே பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். போட்ட சாயத்தை எடுக்கும் முறையை எவரும் அச்சிடுவதில்லை. ஆனால் எடுக்க விரும்புவோர் தொகை நாளுக்கு நாள் கூடி வருகின்றது. கைத்தொலைபேசியிலே கொரிய நடிகையரின் செம்பழுப்புக் கூந்தலைக் கண்டு மயங்கிய கன்னியர் ஒரு சாரார். இருபது ஆண்டுகள் மாதந்தோறும் ‘டை’ அடித்துச் சலித்து, இனி நரையோடு வாழ்வோம் என்று துணிந்த பெரியோர் மற்றொரு சாரார்.

அண்மையிலே எமது மாணாக்கி ஒருத்தி வகுப்பு முடிந்த பின் தயங்கித் தயங்கி வந்து, “சேர், தலைக்குப் போட்ட கறுப்பைக் கழுவி எடுக்க ஏலாதா?” என்று கேட்டாள். “கழுவி எடுக்க அது தூசி இல்லைப் பிள்ளை, மயிருக்கு உள்ளே போய்விட்டது” என்றோம். “அப்ப பிளீச் பூசினால்?” என்றாள் அடுத்தபடி. அந்த இரண்டாவது வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். ஏனெனில் பலரும் நினைப்பதுபோல அது ஒரு சிறு காரியமன்று.

மயிர் என்பது கெரற்றின் என்னும் புரதத்தாலானது. மீனின் செதில்கள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட மெல்லிய புறத்தோல் அதற்கு உண்டு. அதனுள்ளே இருக்கும் தடித்த பகுதியிலேதான் மெலனின் என்னும் இயற்கை நிறம் மணிமணியாகப் பொதிந்துள்ளது. நிலைத்து நிற்கும் கருஞ்சாயம் இந்த உட்பகுதியை அடைந்தே தன் வேலையைச் செய்கின்றது. சாயத்திலுள்ள அமோனியா முதலிய காரம் செதில்களை விரியச் செய்ய, பரா-பினைலின்டயமீன் போன்ற சிறு மூலக்கூறுகள் உள்ளே நுழைகின்றன. அங்கே ஐதரசன் பேரொட்சைட்டினால் ஒட்சியேற்றம் அடைந்து, ஒன்றோடொன்று பிணைந்து, பெரிய மூலக்கூறுகளாகி நிறம் கொள்கின்றன. ஒடுங்கிய வாயில் வழியாக ஒருவர் ஒருவராக உள்ளே சென்றவர்கள், உள்ளே போனதும் கைகோத்து வட்டமாக நின்றால் அதே வாயிலால் எப்படி வெளியேறுவர்? சவர்க்காரமும் சீயக்காயும் தோற்பது இதனாலேயே.

இந்தப் பரா-பினைலின்டயமீனை 1863இல் ஆராய்ந்து வெளியிட்டவர் ஜெர்மானிய இரசாயன அறிஞரான ஆகுஸ்த் வில்கெல்ம் ஹொப்மன். 1907இல் பாரிஸ் நகரில் யூஜின் சூலேர் என்னும் இளம் இரசாயனர் செயற்கைத் தலைச்சாயம் ஒன்றைச் செய்து சலூன்காரருக்கு விற்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் பெயர்பெற்ற லொரியால் நிறுவனம் அவ்வாறு பிறந்ததே. வெளுக்கச் செய்யும் மருந்தோ இவற்றுக்கு முந்தியது. ஐதரசன் பேரொட்சைட்டைத் தெனார் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1818இலேயே கண்டறிந்துவிட்டார்.

வெளுக்கச் செய்ய வழிகள் இரண்டு உள. ஒன்று, உள்ளே கைகோத்து நிற்கும் சாய மூலக்கூறுகளின் பிணைப்பை அவிழ்த்து வெளியே கொணர்வது. மற்றது, சாயத்தையும் இயற்கை நிறத்தையும் ஒருங்கே சிதைப்பது. பள்ளி இரசாயனம் பயின்ற மாணவர் முன்னதைத் தாழ்த்தல் என்றும் பின்னதை ஒட்சியேற்றல் என்றும் இனங்காண்பர்.

தாழ்த்தல் முறையைச் சேர்ந்தவை ‘நிறநீக்கி’ என்று விற்கப்படும் கந்தகச் சேர்க்கைப் பண்டங்கள். கூழ்முட்டை நாற்றம் வீசும். ஆயினும் மயிருக்கு இவற்றால் விளையும் கேடு பிளீச்சினால் விளைவதிலும் மிகக் குறைவு. இயற்கை மெலனினை இவை தீண்டுவதில்லை. ஆகவே வீட்டிலே முதலில் முயலத் தக்கது இம்முறையே. பூசி, குறித்த நேரம் பொறுத்து, பின்னர் நெடுநேரம் ஓடும் நீரில் அலச வேண்டும். இங்கேதான் பலர் பிழை விடுகின்றனர். அவிழ்ந்த சாயத் துண்டுகள் உள்ளேயே தங்கிவிட்டால், காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டு அவை மீண்டும் கைகோத்துக் கொள்ளும்; இன்று பழுப்பாகத் தெரிந்த கூந்தல் இரண்டு நாளில் மறுபடி இருண்டுவிடும். பெட்டியிலே இருபது நிமிடம் அலசுக என்று எழுதியிருந்தால் இருபது நிமிடமே அலசுதல் வேண்டும். தண்ணீர் மணி பார்த்து வரும் மாடிவீடுகளில் வாழ்வோர் தாங்கியை நிரப்பிய பின்னரே இக்காரியத்தில் இறங்குவது நன்று.

இதனால் பழைய இயற்கைக் கறுப்பு அப்படியே திரும்பும் என்று எண்ணற்க. முன்பு சாயம் போட்டபோதே அதிலிருந்த பேரொட்சைட்டு இயற்கை மெலனினைச் சிறிது கரைத்திருக்கும். ஆதலின் வெளிப்படும் நிறம் பெரும்பாலும் செம்பழுப்பாகவே இருக்கும். நிறத்தை ஓரிரு படி குறைத்தாற் போதும் என்பவருக்கு இதுவே நிறைவு தரலாம்.

உயிர்ச்சத்து ‘சி’ வில்லைகளைப் பொடித்து ஷாம்புவிற் குழைத்துப் பூசும் முறை ஒன்றும் வழங்குகின்றது. அதுவும் தாழ்த்தலே; ஆனால் வலிமை குன்றியது. அண்மையிற் போட்ட சாயமாயின் ஓரளவு இறங்கும். ஆண்டுக் கணக்கில் அடுக்கடுக்காக ஏறியதன்முன் அது செல்லாது. தேசிக்காய்ச் சாற்றைப் பூசி வெயிலில் நிற்பதை மாத்திரம் எவரும் செய்யாதிருப்பாராக. தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் கடும் வெயில் விழுந்தால் தீக்காயம் போன்ற கொப்புளமும் பல வாரம் மறையாத கருந்தழும்பும் உண்டாகும். கொழும்பு வெயிலுக்கு அத்துணை வன்மை உண்டு.

இனி ஒட்சியேற்றும் முறையாகிய பிளீச்சுக்கு வருவோம். தூளும் திரவமும் கலந்து பூசப்படும் இதனிலே, திரவம் ஐதரசன் பேரொட்சைட்டாகும். அதன் வலிமையைப் ‘பத்து வொலியூம்’, ‘இருபது வொலியூம்’ என்று குறிப்பர். ஒரு லீற்றர் திரவம் 20 லீற்றர் ஒட்சிசனை வெளிவிடுமாயின் அது 20 வொலியூம். நூற்று வீதத்தில் 6 என்க. 10 வொலியூம் என்பது 3 வீதம். 40 வொலியூம் என்பது 12 வீதம். வீட்டிலே 6 வீதத்துக்கு மேற்பட்டதைத் தொடுதல் கூடாது என்பது எமது உறுதியான கருத்து. விரைவை விரும்பி 12 வீதத்தைப் பூசினால், நிறத்தோடு தலைத்தோலும் புண்ணாகும்.

பூசுமுன் அறியவேண்டிய முதன்மையான செய்தி, தலையில் முன்பு ஏறியது என்ன சாயம் என்பதே. கடையிலே ‘கறுப்பு மருதோன்றி’ என்று விற்பதெல்லாம் மருதோன்றி அன்று. மருதோன்றி இலை தருவது செம்மஞ்சள் நிறமே. கறுப்பை ஒருநாளும் தராது. கறுப்பாயின் அதிலே அவுரி சேர்ந்திருக்கும், அல்லது பரா-பினைலின்டயமீன் சேர்ந்திருக்கும், அல்லது உலோக உப்புகள் சேர்ந்திருக்கும். அவுரி ஏறிய மயிரை வெளுக்க முயன்றால் பச்சை நிறம் தோன்றுவதுண்டு. அது நகைப்புக்கிடமேயன்றி ஆபத்தன்று. உலோக உப்பு அப்படிப்பட்டதன்று. ஈயம், வெள்ளி, செம்பு முதலியவற்றின் உப்புகள் படிந்த மயிரின்மேல் பேரொட்சைட்டுப் பட்டால், கலவை கொதிப்பதுபோற் சூடேறி, மயிர் வெந்து அறுந்து கையோடு வரும். நாட்பட நாட்படக் கறுக்கும் சாயங்கள் சிலவற்றில் ஈய அசற்றேற்று நெடுங்காலம் சேர்க்கப்பட்டு வந்தது. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அதற்களித்த அனுமதியை நீக்க 2018இலேயே முடிவு செய்தது.

இதைக் கண்டறியச் சலூன்காரர் கைக்கொள்ளும் சோதனை எளியது. சீப்பில் உதிர்ந்த மயிர் சிலவற்றை நூலாற் கட்டி, ஒரு கண்ணாடிக் கிண்ணத்திலே 6 வீதப் பேரொட்சைட்டு 30 மில்லிலீற்றரும் அமோனியா இருபது துளியும் விட்டு, அதில் அரை மணி நேரம் ஊறவிடுவர். நுரைத்தாலோ, கிண்ணம் சுட்டாலோ, துர்நாற்றம் எழுந்தாலோ, மயிர் சடுதியாக நிறம் மாறினாலோ அந்தத் தலைக்குப் பிளீச் ஆகாது. அத்தகையோர் வளரவிட்டு வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒன்றும் நிகழாவிடின், பூசவிருக்கும் கலவையையே இன்னொரு சிறு கற்றையிற் பூசி, எத்தனை நிமிடத்தில் என்ன நிறம் வருகிறது, காய்ந்தபின் இழுத்தால் அறுகிறதா என்று பார்த்தல் வேண்டும். பொறுமையற்றோர் இச்சோதனையைத் தவிர்ப்பர். அவர்களே பின்னர் தொப்பி தேடுவர்.

ஈண்டு நீண்ட கூந்தலைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். தலைமயிர் மாதமொன்றுக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளரும். எனவே 60 சென்ரிமீற்றர் நீளமுள்ள கூந்தலின் நுனிக்கு வயது ஐந்து. இந்த ஐந்தாண்டிலும் மாதந்தோறும் வேர் முதல் நுனிவரை சாயம் பூசியவர் தலையிலே, நுனியில் அறுபது பூச்சும் வேரில் ஒரு பூச்சும் இருக்கும்! நுனி அசையாது, வேரோ உடம்பின் சூட்டினால் விரைந்து வெளுக்கும். ஒரே சமயத்திற் பூசியவர் தலை மேலே செம்மஞ்சளாகவும் கீழே கருநிறமாகவும் நிற்பதன் மருமம் இதுவே. ஆதலின் நடுப்பகுதியிலும் நுனியிலும் முதலிற் பூசி, வேரோரத்தை இறுதியிற் பூசுவர்.

கறுப்பு ஒரே தாவலாகப் பொன்னிறமாவதில்லை. முதலிற் செம்பழுப்பு, பின்னர் செம்பு, பின்னர் செம்மஞ்சள், அதன்பின் மஞ்சள் என்று படிப்படியாகவே இறங்கும். நம்மவரின் கருங்கூந்தல் முதன்முறையிலே செம்பு நிறத்தோடு நின்றுவிடுவது இயல்பு. அங்கே நிறுத்திவிடுக. அன்றே மறுமுறை பூசுவது பெருந்தவறு. குறைந்தது இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். செம்மஞ்சள் கண்ணை உறுத்தினால் நீலச்சாயல் கொண்ட ஷாம்பு அதைத் தணிக்கும், மஞ்சளாயின் ஊதாச்சாயல். எதிர்நிறங்கள் ஒன்றையொன்று அடக்கும் என்பது சித்திரம் பயிலும் மாணவர் அறிந்ததே. மஞ்சளுக்கும் அப்பால் வெண்பொன்னிறம் வேண்டுவோர் தேர்ந்த சலூன்காரரிடம் செல்க. அது வீட்டுக் காரியமன்று.

பூசும் நாளுக்கு ஓரிரு நாள் முன்பிருந்தே தலை முழுகாதிருத்தல் நலம். தலையில் ஊறும் எண்ணெய்ப்பசை தோலுக்குக் காப்பாகும். புண்ணோ சொறியோ இருப்பின் தள்ளிப் போடுக. கிண்ணமும் கரண்டியும் உலோகமாயிருத்தல் ஆகாது. கையுறை அணிக. பிளீச் தூளிலுள்ள பேர்சல்பேற்று உப்புகள் மூச்சிழுப்பைத் தூண்டுவன. ஆதலின் தொய்வு நோயாளர் இதை விலக்குவதே தக்கது. ஏனையோரும் யன்னல்களைத் திறந்து வைத்தே கலக்க வேண்டும். எஞ்சிய கலவையைப் போத்தலில் அடைத்து மூடிவைத்தால் வாயு பெருகிப் போத்தல் வெடிக்கக்கூடும். துணி வெளுக்கும் திரவத்தைத் தலைக்குப் பூசலாமா என்று கேட்பவரும் உளர், கூடவே கூடாது.

வெளிறிய தலைக்கு மீண்டும் ஏதேனும் சாயம் போட விரும்புவோர், 48 மணி நேரத்துக்கு முன் காதின் பின்புறத்திலே துளி பூசிப் பார்க்க வேண்டும். “பத்து வருடமாகப் போடுகிறேன், எனக்கு ஒன்றும் வராது” என்பது பயனற்ற வாதம். பரா-பினைலின்டயமீன் ஒவ்வாமை பலகாலம் ஒன்றும் செய்யாதிருந்து ஒருநாள் திடீரெனத் தோன்றும். திருவிழாவில் கையிலே கறுப்பு ‘மருதோன்றி’க் கோலம் இட்டுக்கொண்ட சிறுவருக்கு அவ்வொவ்வாமை இளமையிலேயே வந்து சேர்வதுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலே இச்சாயங்கள் 16 வயதுக்கு உட்பட்டோருக்கு உரியனவல்ல என்று பெட்டியிலேயே அச்சிடுவது கட்டாயம். புருவத்துக்கும் இமைக்கும் பூசுவதோ கண்ணோடு விளையாடுவதாகும். 1930களில் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்னும் இமைச்சாயம் பெண்கள் சிலரைக் குருடாக்கியது, உயிரிழப்பும் நேர்ந்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டில் நிறைவேறுவதற்கு அப்பெண்களின் படங்களும் ஒரு காரணமாயின. முகமோ உதடோ வீங்கினால், மூச்சு முட்டினால், உடனே வைத்தியசாலைக்குச் செல்க. பக்கற்றையும் கூடவே எடுத்துச் செல்வது வைத்தியருக்கு உதவும்.

எல்லாம் நன்றாக முடிந்தபின் வெளிறிய மயிர் வறண்டு சொரசொரப்பாக இருக்கும். அதற்கு விலையுயர்ந்த தைலம் தேட வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயிலுள்ள லோரிக் அமிலம் மயிருக்குள்ளே புகவல்லது என்றும், முழுகுமுன் பூசினால் புரத இழப்பைக் குறைக்கின்றது என்றும், கனிய எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை என்றும் இந்திய ஆய்வாளர் இருவர் 2003இல் வெளியிட்டுள்ளனர். வாரம் இருமுறை, முழுகுவதற்கு முதல்நாள் இரவில், நுனிவரை தடவிப் பின்னி விடுக. தலையணைக்குப் பழைய துணியொன்று விரித்துக் கொள்ளவும்.