36 பிக்சல் போதுமா?

2023 செப்டம்பரில் ஜப்பானின் தனெகாஷிமாவிலிருந்து ஏவப்பட்ட எக்ஸ்ரிஸம் விண்கலத்தின் முதன்மைக் கருவியான 'ரிசால்வ்' வெறும் 36 பிக்சல்கள் கொண்டது. கைப்பேசிக் கேமராவிலேயே கோடிக்கணக்கில் பிக்சல்கள் இருக்கும் காலத்தில் இது குறைபாடாகத் தோன்றலாம். ஆனால் இக்கருவி படம் எடுக்கப் பிறந்ததல்ல; எக்ஸ் கதிரின் ஆற்றலைத் துல்லியமாக அளக்கப் பிறந்தது. கேலக்ஸிக் கொத்துகளில் விண்மீன்களைவிட அதிகமான பொருள், பல கோடி டிகிரி சூட்டில் வாயுவாகப் பரவியிருக்கிறது. அந்த வாயுவின் அழுத்தத்தைக் கொண்டே கரும்பொருள் உட்படக் கொத்தின் மொத்த நிறையையும் கணக்கிடுகிறார்கள். வாயு பெரிதாகக் கொந்தளிக்கவில்லை என்ற அனுமானத்தின்மேல் நிற்கும் கணக்கு அது. எனவே வாயுவின் வேகத்தை அளந்தே ஆகவேண்டும். சூடான இரும்பு அயனிகள் 6,700 எலெக்ட்ரான் வோல்ட் அருகே எக்ஸ் கதிர் வரியை உமிழ்கின்றன. நொடிக்கு 150 கிலோமீட்டர் அளவிலான கொந்தளிப்பு, டாப்ளர் விளைவால் அந்த வரியை ஏறத்தாழ 8 எலெக்ட்ரான் வோல்ட் அகலப்படுத்தும். வழக்கமான சிசிடி உணரிகளோ நூறு எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் அதிகமான இடைவெளியைத்தான் பிரித்தறியும். ரிசால்வ் ஏறத்தாழ 5 எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளியையே பிரித்தறியும்.

சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கியில் கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரிக்கும் நுட்பமான கீற்றணிகள் உண்டே, அவை போதாவா? புள்ளியாகத் தெரியும் பொருள்களுக்குப் போதும். விரிந்து கிடக்கும் வாயுவில், வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் கதிர்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வரிகளைக் குழப்பிவிடும். ஆகவே ரிசால்வ் வேறு வழியில் போகிறது: ஒவ்வொரு எக்ஸ் கதிர் ஃபோட்டானும் பிக்சலில் விழும்போது உண்டாகும் மிகச் சிறிய சூட்டை அளக்கிறது. அதற்காகப் பிக்சல்கள் தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் 0.05 கெல்வினில் வைக்கப்படுகின்றன. அந்தக் குளிரில் ஒவ்வொரு பிக்சலும் அதன் கம்பியும் கூடுதல் வெப்பச் சுமை. எண்ணிக்கை குறைந்ததன் காரணம் இதுதான். அகன்ற படத்துக்கு அதே கலத்தில் 'எக்ஸ்டெண்ட்' என்ற சிசிடி கேமரா இருக்கிறது.

இத்தனை நொய்ந்த கருவியை ஏன் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. இதே வகைக் கருவியைச் சுமந்த ராக்கெட் 2000-இல் தோல்வி. 2005-இல் சுசாகு கலத்தில் திரவ ஹீலியம் சில வாரங்களில் இழப்பு. 2016-இல் ஹிட்டோமி கலம் ஏவிய சில வாரங்களிலேயே சிதைவு. ஆனால் சிதைவதற்குமுன் ஹிட்டோமி பெர்சியஸ் கொத்தைப் பார்த்துவிட்டது. வாயுவின் கொந்தளிப்பு நொடிக்குச் சுமார் 164 கிலோமீட்டர். அதனால் வரும் அழுத்தம் வெப்ப அழுத்தத்தில் ஏறத்தாழ 4 சதவீதமே. பல ஆண்டு விவாதத்துக்கு அந்த ஒரு பார்வை தந்த தெளிவை அதற்குமுன் வேறெந்தக் கருவியும் தந்ததில்லை. நான்காம் முயற்சிக்கு அதுவே போதிய நியாயம் என்பது என் துணிபு.

ரிசால்வுக்கும் ஒரு பின்னடைவு நேர்ந்தது. உணரியின் முன்னுள்ள வாயில் திறக்கவில்லை. அதிலுள்ள பெரிலியத் தகடு 1,700 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழுள்ள கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ஆக்சிஜன், நியான் வரிகள் போயின. இது பெரிய இழப்புதான். ஆனால் இரும்பு வரி தகட்டைக் கடந்து வருகிறது. எந்தக் கேள்விக்காகக் கருவி வடிக்கப்பட்டதோ, அந்த அளவீடு நடந்துகொண்டிருக்கிறது.