சிக்கல் (இராமநாதபுரம்)

இக்கட்டுரை இராமநாதபுரம் மாவட்டத்து ஊரைப் பற்றியது. சிங்காரவேலர் கோயில் உள்ள சிக்கல் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தது.

சிக்கல், தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டம், கடலாடி வட்டத்தில், மன்னார் வளைகுடாக் கரைக்கு அண்மையில் அமைந்துள்ள ஓர் ஊராகும்.

தட்பவெப்பநிலை

இப்பகுதி ஓரளவு வறண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை மிகக் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. கோடையில் வெப்பத்துடன் கடலோரப் புழுக்கமும் சேரும்.

நீரும் வாழ்க்கையும்

இம்மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இல்லை. கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. எனவே மழைநீரைத் தேக்கும் கண்மாய்களே வேளாண்மைக்கும் கால்நடைகளுக்கும் ஆதாரம். வரத்துக்கால்கள் தூர்ந்தாலும் சீமைக் கருவேல் அடர்ந்தாலும், நல்ல மழை பெய்த ஆண்டிலும் கண்மாய் நிரம்பாது.

பறவை நோக்கல்

இதே வட்டத்தில் மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயம் உள்ளது. ஏறத்தாழ 593 ஹெக்டேர் பரப்புள்ள இக்கண்மாய்ப் பகுதி 1998இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன் முதலியவை இங்குள்ள கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களே பார்வையிட ஏற்றவை. மழை பொய்த்துக் கண்மாய் வறண்டால் பறவைகள் கூடு கட்டுவதில்லை. ஆகவே கண்மாய்களைப் பேணுவது மக்களுக்கும் பறவைகளுக்கும் பொதுவான தேவையாகும்.