அரையாண்டு மணற்கரை: அமேசான் சிற்றூர் ஒன்றின் பொருளாதாரம்

பிரேசில் நாட்டின் பாரா மாநிலத்தில், அமேசான் மழைக்காடுகளின் நடுவே, தபஜோஸ் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது ஆல்டர் தோ ஷாவோ என்னும் சிற்றூர். சந்தரேம் நகரிலிருந்து சாலை வழியே சுமார் 35 கிலோமீட்டர் பயணம் செய்து இவ்வூரை அடையலாம். கடல் பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இருப்பினும், இங்கு வருவோரைக் கடற்கரைக்கு ஒப்பான வெண்மணல் வரவேற்கிறது. போராரி பழங்குடியினரின் வாழ்விடமான இங்கு, 1626ஆம் ஆண்டு போர்ச்சுக்கீசியர் ஒரு குடியேற்றத்தை நிறுவினர்.

மணலும் வெள்ளமும்

ஆண்டிஸ் மலையில் தோன்றும் அமேசான் ஆறு பெருமளவு வண்டலைச் சுமந்து கலங்கலாக ஓடுகிறது. தபஜோசோ பழமையான பாறை நிலத்திலிருந்து வருவதால் வண்டல் குறைவு, நீர் தெளிவானது. சந்தரேம் அருகே இவ்விரு ஆறுகளும் சிறிது தொலைவு வரை இரு நிறங்களில் அருகருகே ஓடுவதைக் காணலாம்.

ஆண்டின் முற்பாதியில் மழையால் நீர்மட்டம் பல மீட்டர் உயர்ந்து மணற்கரைகளை மூழ்கடிக்கிறது. ஏறத்தாழ ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை நீர் வடிந்து கரைகள் வெளிப்படுகின்றன. ஊரின் வருவாயும் இந்த ஏற்ற இறக்கத்தையே பின்பற்றுகிறது. நீர் வடிந்த மாதங்களில் எதிர்க்கரை மணல்திட்டிற்குத் துடுப்புப் படகு வலிப்போர், உணவுக் கடை நடத்துவோர், விடுதியாளர், கைவினைஞர் ஆகியோருக்கு வேலை கிடைக்கிறது. வெள்ளக் காலத்தில் பயணிகள் குறைகின்றனர்; மூழ்கிய காட்டினூடே படகுப் பயணம் செய்ய விரும்புவோரே வருகின்றனர். மீன்பிடித்தலும் மரவள்ளிச் சாகுபடியும் வட்டார மக்களுக்குப் பழைய துணையாக நிற்கின்றன.

இரப்பர் தந்த பாடம்

இவ்வட்டாரம் உலகப் பொருளாதாரத்திற்குப் புதியதன்று. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் தபஜோஸ் பகுதியிலிருந்து சுமார் 70,000 இரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அவற்றின் கன்றுகள் இலங்கையையும் மலாயாவையும் அடைந்தன. மலாயாவின் தோட்டங்களில் பால் வெட்டியோரில் பெரும்பகுதியினர் தமிழர்கள். ஆசிய இரப்பரின் போட்டியால் அமேசான் இரப்பர் வணிகம் வீழ்ந்தது. ஹென்றி ஃபோர்டு 1928இல் இதே ஆற்றங்கரையில் தொடங்கிய ஃபோர்டுலாந்தியா தோட்டமும் இலை நோயால் தோல்வியுற்றது.

இன்றைய இடர்கள்

ஆற்றின் மேற்பகுதியில் சட்டத்திற்குப் புறம்பாக நடைபெறும் தங்கச் சுரங்கத் தொழில் இன்றைய பெருங்கவலையாகும். அங்கு தங்கத்தைப் பிரிக்கப் பயன்படும் பாதரசம் நீரில் கலந்து, நுண்ணுயிர்களால் நச்சுச் சேர்மமாக மாறி, மீன்களின் வழியே மனிதரைச் சேர்கிறது. 2020இல் வெளியான ஃபியோக்ரூஸ் நிறுவன ஆய்வில், ஆற்றின் நடுப்பகுதியில் வாழும் முண்டுருகு பழங்குடியினரில் பரிசோதிக்கப்பட்ட அனைவரின் உடலிலும் பாதரசம் காணப்பட்டது. பத்தில் ஆறு பேருக்கு அளவு பாதுகாப்பு வரம்பைக் கடந்திருந்தது. 2022 சனவரியில் ஆல்டர் தோ ஷாவோவின் தெளிந்த நீரே கலங்கியபோது, சுரங்கச் சேற்றின் பங்கு நாடெங்கும் விவாதிக்கப்பட்டது.

2023, 2024 ஆண்டுகளின் கடும் வறட்சியில் மணற்பரப்பு விரிந்தது. ஆயின் அது ஆதாயமாகவில்லை. படகுகள் கரையை அணுக இயலாமல் ஆற்றோரக் கிராமங்கள் பல குடிநீருக்கும் உணவுப் பொருள்களுக்கும் அல்லலுற்றன.

தங்கத்தின் இலாபம் மேற்பகுதியில் சிலரைச் சேர, அதன் செலவை மீனவரும் படகோட்டிகளும் ஏற்க நேர்கிறது. விடுதிகளும் சாலைகளும் மட்டும் இச்சிற்றூரைக் காக்க மாட்டா. ஆற்றுப்படுகை முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு திட்டமிடுவதும், சுரங்கத் தொழிலாளருக்கு மாற்று வாழ்வாதாரம் அளிப்பதும், பழங்குடியினரின் நில உரிமையை உறுதி செய்வதும் இன்றியமையாதவை.