கோடைக்குப் பதில் கோடி!

''கோடைக்கானல் போகணும்'' என்று என் மனைவி முதலில் கேட்டது போன மே மாதம். ''குறுவை நடவு ஆகட்டும்'' என்றேன். ஆயிற்று. ''தீபாவளி போகட்டும்'' என்றேன். போயிற்று. பொங்கலன்று, பானை பொங்குவதற்கு முன்னால் அவள் பொங்கிவிட்டாள்.

''கோடை என்ன பெரிய கோடை? உனக்குக் கோடியே காட்டுகிறேன்!'' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பொறி தட்டியது. கோடியென்றால் கோடிக்கரை! தஞ்சாவூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரே நாளில் போய் வரலாம். லாட்ஜ் செலவு கிடையாது. ஸ்வெட்டர் வாங்க வேண்டாம்.

''அங்கே மலை இருக்கா?'' என்றாள் சந்தேகத்தோடு.

''இருக்கு. ராமர் பாதம்.''

எத்தனை அடி உயரம் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தை அமாவாசைக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒரு நாள் விடியற்காலையில் வேன் பிடித்தோம். நான், மனைவி, பத்தாவது படிக்கும் மகள், அப்புறம் ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் பெரியப்பா. வயது எண்பத்திரண்டு. கையில் வெற்றிலைப் பெட்டி. ''அறுப்பு மிஷின் வர்ற நேரத்துல ஊர் சுத்தக் கூப்புடுறியேடா'' என்று முனகிக்கொண்டேதான் ஏறினார்.

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி... வழி நெடுகச் சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. பெரியப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வயலுக்கும் மார்க் போட்டுக்கொண்டு வந்தார். ''இவன் யூரியாவை அள்ளிக் கொட்டியிருக்கான்.'' ''இது படுத்துப்போச்சு, மிஷின் இறங்காது.'' வேதாரண்யத்தைத் தாண்டியதும் அவர் பேச்சு நின்றது. வயலைக் காணோம்! பாத்தி பாத்தியாக உப்பளம். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிய அகஸ்தியன்பள்ளி இங்கேதான்.

அடுத்தது கோடியக்காடு. குழகர் கோயில். 'கடற்காற்று அடிக்கிற இந்தக் காட்டில் துணையில்லாமல் தனியாக இருக்கிறாயே' என்று சுந்தரர் சாமிக்காக வருத்தப்பட்டுப் பாடிய தலம். ஆயிரத்து இருநூறு வருஷமாகியும் அந்தத் தனிமை கலையவில்லை. வேனை விட்டு இறங்கியதும் காதில் விழுந்தது காற்றும் ஒரு புறாவும் மட்டும்தான்.

மகள் அவசரமாக, ''அப்பா, பூங்குழலி எங்கே?'' என்றாள். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் எல்லோரும் இங்கே கேட்கிற முதல் கேள்வி! பூங்குழலி கல்கியின் கற்பனை. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் நிஜமாகவே இருந்தது. மிச்சமிருந்த இடிபாட்டையும் 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது.

முதலில் 'மலை'யைக் காட்டிவிடுவோம் என்று ராமர் பாதத்துக்கு அழைத்துப் போனேன். இலங்கையைப் பார்ப்பதற்காக ராமர் ஏறி நின்ற இடமாம். மேலே சின்னக் கோயில், உள்ளே கல்லில் பாதச் சுவடு. இந்தச் சரணாலயத்திலேயே உயரமான இடம் இதுதான். கடல் மட்டத்திலிருந்து 4 மீட்டர்!

ஏறிய மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிட்டது. என் சகதர்மிணி என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தப் பத்திரிகையில் இடம் போதாது.

ஆனால், அங்கிருந்து பார்த்தால் தெரிகிறது ஐயா காட்சி! ஒரு பக்கம் பாலை மரங்கள் அடர்ந்த காடு. மழை குறைந்த இந்த உப்புக் காற்றிலும் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற காடு. இன்னொரு பக்கம் சதுப்பு. நடுவில் மேடும் பள்ளமுமாகப் புல்வெளி. அதற்கப்பால் கடல். வங்காள விரிகுடாவை ஒட்டித் தெற்கே ஓடி வந்த கரை, இந்த முனையில்தான் சட்டென்று மேற்கே திரும்புகிறது.

பெரியப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். ''எவ்வளவு இருக்கும்டா இது?''

''சரணாலயம் இருபத்தோரு சதுர கிலோமீட்டர் சொச்சம், பெரியப்பா.''

''வேலிக் கணக்குல சொல்லு.''

மனக்கணக்குப் போட்டேன். ''கிட்டத்தட்ட எண்ணூறு வேலி!''

''எண்ணூறு வேலியா! அவ்வளவும் சும்மாவா கெடக்கு? ஒரு போகம் உளுந்து தெளிச்சாக்கூட...''

கூட வந்த வனத்துறை ஊழியர் சிரித்தார். ''சும்மா இல்லீங்க ஐயா. குடியிருக்காங்க. அதோ பாருங்க.''

புல்வெளியில் பத்துப் பதினைந்து மான்கள். வெளிமான்! பெட்டைகள் பழுப்பு நிறம், கொம்பு கிடையாது. நடுவில் ஒரு கிடா. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, திருகாணி மாதிரி முறுக்கிய கொம்பு. கிடா பிறக்கும்போது பழுப்புதான். வயது ஏற ஏறத்தான் கறுக்கும்.

''நமக்கு வயசானா வெளுக்குது. அவனுக்குக் கறுக்குதா?'' என்று பெரியப்பா தன் தலையைத் தடவிக்கொண்டார். ''டை அடிக்கிற செலவு மிச்சம்!''

எதற்கோ மிரண்டு ஒரு மான் துள்ளியது. அவ்வளவுதான், கூட்டமே கிளம்பிவிட்டது. ஓட்டமா அது? நாலு காலும் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை. இந்த மானுக்குப் புதரில் ஒளிந்து பிழைக்கத் தெரியாது. தூரத்திலேயே ஆபத்தைப் பார்க்க வேண்டும், பார்த்ததும் ஓட வேண்டும். இரண்டுக்கும் திறந்த வெளி வேண்டும். அதனால்தான் வெளிமான். பெயரிலேயே விலாசம் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தியாவின் சமவெளியெங்கும் மேய்ந்த ஜாதி. வெளியெல்லாம் வயலாகவும் ஊராகவும் ஆன பிறகு, அங்கங்கே ஒதுங்கி நிற்கிறது. சென்னையில் கிண்டி, இங்கே கோடிக்கரை. இவற்றைக் காப்பாற்றத்தான் 1967-ல் இது சரணாலயமானது.

அந்தச் சமயம் மகள் கத்தினாள். ''அப்பா, குதிரை!'' சேணமில்லை, லாடமில்லை. பிடரி மயிர் காற்றில் பறக்க நாலைந்து மட்டக் குதிரைகள். எப்போதோ யாரோ வளர்த்து விட்டுவிட்டுப் போனவற்றின் சந்ததி. இப்போது காட்டுக் குதிரைகளாகிவிட்டன. போட்டோவுக்கு அவ்வளவு அழகு!

அழகுக்குள்ளே ஒரு வில்லங்கமும் இருக்கிறது. ''அந்த முள்ளுக் காட்டைப் பாருங்க'' என்றார் ஊழியர். சீமைக்கருவேல்! அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் இனிப்புக் காயை மாடும் குதிரையும் விரும்பித் தின்னும். விதை செரிக்காது...

பெரியப்பா முடித்துவைத்தார். ''சாணியோட விழும். எரு கூடவே இருக்கு, விதைக்கிற கூலியும் மிச்சம். முளைக்காம என்ன செய்யும்?'' ஆடு மாடு வளர்த்தவருக்குத் தெரியாதா!

முள் வளர வளரப் புல் சுருங்குகிறது. வெட்டினாலும் தூரிலிருந்து தழைக்கிறது. துப்பாக்கிக்குத் தப்பிய மான், ஒரு முள்செடியிடம் இடத்தை விட்டுக்கொண்டிருக்கிறது.

மாலையில் சதுப்புப் பக்கம் போனோம். தூரத்தில் தண்ணீர் மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பூநாரைகள்! அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, பாசியையும் குட்டி இறாலையும் சல்லடை போட்டுச் சலித்துத் தின்னும். அந்தத் தீனியில் உள்ள சாயம்தான் இறகில் ஏறுகிறது. குஞ்சுகள் சாம்பல் நிறம்தான். ''நாம வெத்திலை போட்டா நாக்கு சிவக்கிற மாதிரி'' என்றார் பெரியப்பா, நாக்கை நீட்டிக் காட்டி.

கரையோரம் விறுவிறுவென்று ஓடுகிற சின்னஞ்சிறு உள்ளான்களில் பல, சைபீரியாப் பக்கத்திலிருந்து பறந்து வந்தவை. சலீம் அலி இந்த இடத்தின் அருமையை 1960-களின் தொடக்கத்திலேயே சொன்னார். மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் இங்கே முகாம் போட்டுப் பறவைகளின் காலில் வளையம் மாட்டி, எது எங்கே போகிறது என்று வருஷக்கணக்கில் கணக்கெடுத்தார்கள். உலகத்தின் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில், 2002-ல் தமிழ்நாட்டிலிருந்து முதலில் இடம்பிடித்தது இந்தக் கோடிக்கரைதான்.

''கஜாவுல இங்க என்னாச்சு?'' என்று கேட்டார் பெரியப்பா. 2018 நவம்பர் 16 அதிகாலை அந்தப் புயல் கரை ஏறியது வேதாரண்யம் பக்கம்தானே. மரங்கள் முறிந்து விழுந்ததையும், மானும் குதிரையும் செத்துக் கரை ஒதுங்கியதையும் ஊழியர் சொன்னார். பெரியப்பா தலையாட்டினார். அன்று ஒரே இரவில் அவர் தோப்பில் நூற்றுப் பத்துத் தென்னை போனது. அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

திரும்பும்போது வேனில் இருட்டு. மன்னார்குடி தாண்டியதும் பெரியப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

''நம்ம ஊர்ல மந்தைவெளி இருந்துச்சே, ஞாபகம் இருக்காடா தம்பி?''

இருந்தது. சின்ன வயதில் மாடு மேய்த்தது, காடை துரத்தியது, பட்டம் விட்டது எல்லாம் அங்கேதான்.

''அது எங்க போச்சுன்னு நீ என்னைக்காவது கேட்டியா?''

''இல்லையே பெரியப்பா.''

''நம்ம வயலை ஒட்டின பக்கம் நான்தான் வாங்கிக்கிட்டேன். பத்திரம் இல்ல, மண்வெட்டி! வருஷத்துக்கு ஒரு முழம் வரப்பைத் தள்ளினேன். எதிர்ப் பக்கம் இன்னொருத்தன் தள்ளினான். நடுவுல ரெண்டு பேரும் சந்திச்சுக்கிட்டோம். சும்மாதானே கெடக்குன்னுதான் அப்ப தோணிச்சு...''

வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். போடாமல் மூடினார்.

பெரியப்பாவுக்குப் பிள்ளை கிடையாது. அவர் காலத்துக்குப் பிறகு அந்த வயல் என்னிடம்தான் வரும், அந்த முழங்களோடு சேர்த்து. 'வரப்பைப் பழைய இடத்துக்கே தள்ளிடுவோம் பெரியப்பா' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரை சொல்லவில்லை.

மனைவி மட்டும் இருட்டில், ''மலைதான் ஏமாத்து. மத்தபடி நல்லாத்தான் இருந்துச்சு'' என்றாள். ''அடுத்த வருஷமாவது நிஜ மலை. கொல்லிமலை போலாம்.''

கொல்லிமலையா? யோசித்துக்கொண்டிருக்கிறேன். தஞ்சாவூரிலிருந்து கொள்ளிடம் ரொம்பப் பக்கம்!