கடைசிக் காலும் மஞ்சள் கடுதாசியும்



1987-ஆம் வருடம். அப்பாவின் மண்டியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சமயம். பம்பாய்ப் பார்ட்டி ஒருவர் 40 மூட்டை மல்லி கடனுக்குக் கேட்டார். ஆள் எப்படி என்று அங்குள்ள தரகருக்கு எழுதினோம். ஆங்கிலத்தில் பதில் வந்தது. அதில் ஒரு வரி: ‘ஹி இஸ் ஆன் ஹிஸ் லாஸ்ட் லெக்ஸ்.’ எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆங்கிலத்தில் ‘லெக்’ என்றால் கால். ஆள் சொந்தக் காலில் நிற்கிறார் என்று முடிவு கட்டி, மறுநாளே லாரியில் சரக்கை ஏற்றிவிட்டேன்.

அதற்கு அர்த்தம் ‘விழப்போகிற நிலையில் இருக்கிறார்’ என்பது. இரண்டு மாதத்தில் கடையைப் பூட்டிவிட்டார். ஒரு பைசா வரவில்லை. அப்பா திட்டவில்லை. அந்தக் கடிதத்தை மடித்துப் பேரேட்டுக்குள் வைத்துவிட்டார்.

சொல்லுக்குச் சொல் அர்த்தம் பார்த்ததுதான் என் தவறு. நாமும் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்கிறோம். வெள்ளைக்காரன் அதைக் கேட்டால் ஏதோ கலர் பேப்பர் என்றுதானே நினைப்பான்? நொடித்துப் போனவரை அவர்கள் ‘கான் டு தி வால்’ என்பார்கள். சுவர் வரை போய்விட்டாராம்.

‘இன் தி ரெட்’ என்றால் கணக்கு நஷ்டத்தில் இருக்கிறது. பேரேட்டில் பற்று மிஞ்சினால் சிவப்பு மையில் எழுதும் பழக்கத்தில் வந்தது. ‘இன் தி பிளாக்’ என்றால் லாபம். கறுப்புப் பணம் என்று பதற வேண்டாம்!

‘பையிங் எ பிக் இன் எ போக்’ நம் தொழிலுக்கே உரியது. ‘போக்’ என்பது சாக்குப் பைக்குப் பழைய பெயர். உள்ளே இருக்கும் பன்றிக்குட்டியைப் பார்க்காமல் பையோடு விலை பேசுவது. அதாவது மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் சரக்கு எடுப்பது.

‘பேக்கர்ஸ் டஜன்’ என்றால் 12 அல்ல, 13. இங்கிலாந்தில் 1266-இல் வந்த ரொட்டிச் சட்டப்படி எடை குறைந்தால் தண்டனை. அதற்குப் பயந்து ஒன்று கூடுதலாகக் கொடுத்தார்கள் என்று காரணம் சொல்வார்கள். நாம் கொசுறு கொடுப்பது பிரியத்தில்.

‘பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்’: 1971 வரை ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. பென்னியைப் பிடித்துக்கொண்டு பவுண்டை விடுவது. அன்று தரகருக்கு ஒரு டிரங்க் கால் போட்டு, ‘ஐயா, அந்த வரிக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டிருக்கலாம். கால் சார்ஜ் மிச்சம் என்று விட்டுவிட்டேன்.