ஃபோனில் கேட்கும் அந்தக் குரல்

வடசென்னையில், காலடிப்பேட்டையிலோ காசிமேட்டிலோ ஒரு வீடு. மதியம் இரண்டு மணி. ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு, தனக்குப் பிடித்த பாட்டைப் பாடி ஃபோனில் பதிவு செய்கிறார். பாடும்போது நன்றாகத்தான் இருந்தது. நிறுத்திவிட்டுப் போட்டுக் கேட்டால் வேறு யாரோ பாடுகிற மாதிரி இருக்கிறது. குரல் மெலிந்து, மூக்கால் பாடுவதுபோல், கொஞ்சம் கீச்சென்றுகூடக் கேட்கிறது. ‘சீ, இதுவா என் குரல்’ என்று அழித்துவிடுகிறார். மறுநாள் ஃபோனை எடுப்பதில்லை. நல்ல குரல்கள் எத்தனையோ இந்த ஒரு நிமிடத்தோடு நின்றுபோகின்றன. அதனால் அந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாம் பாடும்போது நம் குரல் இரண்டு வழியில் நம்மை வந்து சேர்கிறது. ஒன்று, வாயிலிருந்து புறப்பட்டுக் காற்று வழியாகக் காதுக்குள் நுழைவது. இன்னொன்று, தொண்டையில் எழும் அதிர்வு தாடையிலும் மண்டை எலும்பிலும் பரவி நேராக உட்காதைத் தொடுவது. எலும்பு வழியில் கனமான கீழ் ஒலிகள் நன்றாகக் கடந்து வரும். காது வேலை செய்யும் விதத்தைக் கண்டறிந்து 1961-ல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் வான் பெக்கெசி, அதற்கு முன்பே 1949-ல் இதை ஆராய்ந்தார். நம் குரலை நாம் கேட்கையில் எலும்பு வழி ஒலியும் காற்று வழி ஒலியும் ஏறத்தாழச் சமமான அளவில் இருக்கின்றன என்று சொன்னார். நீங்களே சோதிக்கலாம். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு வாயை மூடி ‘ம்’ என்று இழுங்கள். குடத்துக்குள் பாடுவதுபோல் கனமாக ஒலிக்கும். அது எலும்பின் பங்கு.

ஃபோனுக்கு அந்தப் பங்கு கிடைக்காது. காற்றில் வந்தது மட்டும்தான் அதில் பதியும். பதிவில் குரல் மெலிந்து கேட்பதற்கு முதல் காரணம் இதுதான். இப்போது ஒன்றை யோசியுங்கள். உங்கள் அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, ஷிப்டில் கூட நிற்பவர் எல்லோரும் இத்தனை வருடமாகக் கேட்டுவந்தது அந்தக் காற்று வழிக் குரலைத்தான். கல்யாண வீட்டில் ‘ஒரு பாட்டு பாடும்மா’ என்று கேட்கிறார்களே, அந்தக் குரலைக் கேட்டுத்தான் கேட்கிறார்கள். உங்கள் ஒருவருக்குத்தான் அது புதுசு.

ஆனால் எலும்புக் கணக்கு மட்டும் முழுக் காரணம் ஆகாது. 1966-ல் பிலிப் ஹோல்ஸ்மன், கிளைடு ரௌசி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஆராய்ந்தபோது வேறொன்றையும் கண்டார்கள். நாம் வெளிக்காட்ட நினைக்காதவை, அதாவது தயக்கம், பதற்றம், ஏக்கம் எல்லாம் குரலில் இருப்பதைத் திடீரென்று கேட்டுவிடுகிறோம். அதனால்தான் கூச்சம். இது எனக்கு மிகவும் நெருக்கமாகப் படுகிறது. சங்கடப்படுத்தும் அந்த நடுக்கமும் ஏக்கமும்தானே பாட்டில் கேட்பவரைத் தொடுகின்றன. 2013-ல் சூசன் ஹியூஸ், மரிசா ஹாரிசன் என்ற இருவர் செய்த ஆய்வு இன்னும் தெம்பு தரும். பல குரல்களுக்கு நடுவே கலந்துகொண்டவர்களின் சொந்தக் குரலையும், அவர்களுக்குச் சொல்லாமலே சேர்த்துக் கேட்கவைத்தார்கள். மற்றவர்கள் கொடுத்ததைவிட அதிக மதிப்பெண்ணை அவர்கள் தங்கள் குரலுக்குக் கொடுத்தார்கள். நம்முடையது என்று தெரியாதவரை நம் குரல் நமக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

வடசென்னையில் பாடுகிறவருக்கு இதற்கு மேல் இன்னொரு கூச்சமும் உண்டு. அதைப் பேசாமல் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். நம் பேச்சை நெடுங்காலம் சினிமாவில் சிரிப்புக்குத்தான் வைத்திருந்தார்கள். ‘உன் உச்சரிப்பு சரியில்லை’, ‘குரல் ரஃப்பா இருக்கு’ என்று பள்ளி ஆண்டு விழாவிலேயே ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் இங்கே நிறைய. வளர்ந்த பிறகு பதிவில் தன் குரலைக் கேட்கும்போது அந்தப் பழைய சொல்லும் கூடவே காதில் விழுகிறது. அந்தக் குரலின் குணம் குறையே இல்லை. டோலக்கோடு தெருவில் நின்று, சாவு வீட்டில் இரவு முழுக்க, மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்கு எட்டும்படி பாடிப் பாடி உருவான குரல் கானாப் பாட்டின் குரல். திறந்த தொண்டை, அழுத்தமான மெய்யெழுத்து, வார்த்தையைக் கடித்து விடும் தாளம். 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதனும், 2012-ல் ‘அட்டகத்தி’யில் கானா பாலாவும் பாடியபோது தமிழ்நாடு முழுக்க அந்தக் குரலோடு சேர்ந்து பாடியது. ராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி, ஆண்களே நிறைந்திருந்த கானா மேடையில் நின்று பாடினார். 2018 ஜனவரியில் முதல் நிகழ்ச்சியை நடத்திய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவில் அவரும் ஒருவர். 2020-ல் பிபிசி வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி 2017-ல் வந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ இன்னொரு சான்று. கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதியதை, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக அமைக்க, டி.எம். கிருஷ்ணா பாடினார். நம் வாய்மொழியில் ராகம் கச்சிதமாக உட்கார்ந்தது. இதையெல்லாம் சொல்வது பெருமைக்காக மட்டும் இல்லை. அடுத்த முறை பதிவைக் கேட்கும்போது எது உங்கள் குரலின் இயல்பு, எது திருத்த வேண்டிய தவறு என்று பிரித்துப் பார்க்க இது உதவும். பேச்சு வாடை இயல்பு. சுருதி விலகுவது தவறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சுருதி விலகுவதற்குப் பெரும்பாலும் காரணம் கட்டை, அதாவது பாட்டின் ஆதார சுருதி நிற்கும் உயரம். யூடியூபில் கிடைக்கும் கரோக்கிகளில் பெரும்பாலானவை அந்தப் பாட்டைப் பாடியவரின் கட்டையில் இருக்கும். பொதுவாக ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரை, இரண்டு கட்டையிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். சினிமாப் பாட்டிலோ மெட்டு எங்கே ஏறுகிறது என்பதைப் பொறுத்து எதுவும் நடக்கும். பல்லவி சுகமாக இருக்கும். சரணத்தில் மேலே போகும்போது கழுத்து நரம்பு புடைக்கும், குரல் பிசிறும். உடனே ‘எனக்குப் பாட வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். அளவில்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு உடம்பைக் குறை சொல்கிற கதை இது. பாட்டின் மிக உயர்ந்த இடத்தையும் மிகத் தாழ்ந்த இடத்தையும் மட்டும் முதலில் பாடிப் பாருங்கள். உச்சியில் கத்த வேண்டியிருந்தால் கரோக்கியை அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்குங்கள். ஃபோனிலேயே இதைச் செய்யும் இலவச ஆப்கள் இருக்கின்றன. இறக்கிப் பாடுவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. மேடைக் கச்சேரிகளில் அனுபவப்பட்ட பாடகர்களும் செய்வதுதான்.

இனி அறை. ஹவுசிங் போர்டு வீடோ, சிமென்ட் பூசிய ஒற்றை அறையோ, வெறும் சுவர் குரலைத் திருப்பி அடிக்கும். பதிவில் பாத்ரூமில் பாடியதுபோல் கேட்கும். துணிதான் மருந்து. பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால் கொடி கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள். பாயையும் மெத்தையையும் சுவரோரம் சாய்த்து வைத்தால் இன்னும் நல்லது. ஃபேனை நிறுத்துங்கள். வியர்க்கும், ஒரு பாட்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் நமக்குப் பழகிப்போனது, ஃபோனுக்குப் பழக்கமில்லை. வெளியே கன்டெய்னர் லாரி போகும் சாலை என்றால் அதை நாம் நிறுத்த முடியாது. ஆனால் எந்த நேரத்தில் கொஞ்சம் ஓய்கிறது என்று ஒரு வாரம் கவனித்தால் பிடிபடும். அந்த அரை மணி நேரத்தைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள். ‘அக்கா, ஒரு பாட்டு ரெக்கார்ட் பண்றேன், கொஞ்ச நேரம் மிக்ஸி போடாதீங்க’ என்று கேட்பதே கூச்சத்தின் பாதியைக் கரைத்துவிடும்.

ஃபோனை வாய்க்கு நேராகப் பிடிக்காமல், ஒரு சாண் தள்ளி, கன்னத்தை ஒட்டிய கோணத்தில் வையுங்கள். ‘ப’, ‘க’ போன்ற எழுத்துகளில் வெடிக்கும் காற்று நேரே மைக்கில் மோதாது. கையில் பிடிக்க வேண்டாம், உரசல் பதியும். டப்பாவின் மேலே சாய்த்து வையுங்கள். தெருவில் பாடிப் பழகிய தொண்டை உள்ளவர்கள் சரணத்தில் கொஞ்சம் பின்னால் நகருங்கள், இல்லையென்றால் சத்தம் ‘கிழியும்’. கிழிந்த பதிவை எந்த ஆப்பாலும் தைக்க முடியாது. கரோக்கியை இயர்போனில்தான் கேட்க வேண்டும், அதுவும் வயர் வைத்த இயர்போனில். ப்ளூடூத்தில் ஒலி கால் வினாடி வரைகூடத் தாமதமாக வரும். வேகமான பாட்டில் அது அரைத் தட்டு. நீங்கள் சரியாகப் பாடியும் தாளம் தப்பியதுபோல் பதியும். இதை அறியாமல் ‘எனக்குத் தாள ஞானமே இல்லை’ என்று நம்பிவிட்டவர்கள் உண்டு. ஒரு காதில் மட்டும் இயர்போனை வைத்து மறு காதைத் திறந்து விட்டால் உங்கள் குரல் உங்களுக்குக் கேட்கும், சுருதியும் நிற்கும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் பாடி உங்கள் குரலை எடை போடாதீர்கள். அது பேச்சுக்கென்று சுருக்கப்பட்டது. நீட்டிப் பாடும் ஸ்வரத்தின் நயம் அதில் தேய்ந்துவிடும்.

எக்கோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பந்தல் மைக் செட்டிலும் கோயில் திருவிழாவிலும் எக்கோவோடு கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அது இல்லாத குரல் நம் காதுக்கு நிர்வாணமாகத் தெரிகிறது. பதிவு முடிந்தபின் கொஞ்சம் எக்கோ சேர்ப்பது நல்லதுதான். ஆனால் பழகும் காலத்தில் வெறும் குரலையே கேளுங்கள். எக்கோவில் சுருதி விலகல் ஒளிந்துகொள்ளும். சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருளும் அப்படித்தான். 1997-ல் அதைக் கொண்டுவந்த ஆண்டி ஹில்டபிராண்ட் அதற்கு முன் எண்ணெய் தேடும் தொழிலில் இருந்தவர். நிலத்துக்கு அடியில் அனுப்பிய அதிர்வு திரும்பி வருவதைக் கணக்கிடும் வித்தையைத்தான் பாட்டுக்குக் கொண்டுவந்தார். மணலி சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சுவையான செய்தியாக இருக்கும். ஆனால் அந்தக் கருவியை அழுத்தி வைத்தால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு நாம் இழுத்துப் போகிற இழைவைத் தவறு என்று நினைத்து வெட்டிப்போடும். கானாவுக்கும் கமகத்துக்கும் அந்த இழைவுதான் உயிர்.

பிறகு பழக்கம். தினம் ஒரு பல்லவி மட்டும் பதியுங்கள். மூன்று முறைக்கு மேல் வேண்டாம். பிறகு பாடுவதெல்லாம் களைப்பில் பாடுவது. உடனே கேட்காதீர்கள், மறுநாள் காலையில் கேளுங்கள். முதல் தடவை கேட்கும்போது நன்றாக அமைந்த ஒரு இடத்தை மட்டும் தேடுங்கள், ஒரே ஒரு சொல்லாக இருந்தாலும் சரி. இரண்டாம் தடவை திருத்த வேண்டிய ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி இரண்டு மூன்று வாரம் போனால் அந்நியமாக இருந்த குரல் தெரிந்தவர் குரலாக மாறும். அதன்பின் அதைக் கோபமில்லாமல் திருத்த முடியும். ஊருக்கே ஸ்டேட்டஸில் போடும் முன் ஒருவரிடம் மட்டும் காட்டுங்கள். ‘சூப்பர்’ என்று சொல்பவராக இல்லாமல், ‘ரெண்டாவது வரியில மூச்சு வாங்குது’ என்று அன்போடு சொல்லக்கூடியவராக இருக்கட்டும்.

துறைமுகத்திலும் பட்டறையிலும் மெஷின் சத்தத்துக்கு மேல் நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவர்கள், அன்று இரவே பதிவுக்கு உட்கார வேண்டாம். வீங்கிய குரல் நாண் சுருதியில் நிற்காது. தண்ணீர் குடித்து, தூங்கி எழுந்து, விடுமுறை நாளில் பாடுங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தோடு நிறுத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.

முதல் நாள் பதிவை அழித்துவிடாதீர்கள். தேதியைப் பெயராக வைத்துச் சேமியுங்கள். மனதுக்குப் பிடித்தபடி ஒரு பாட்டு அமைந்து, நடுவில் லாரி ஹார்ன் புகுந்துவிட்டது என்றால் முழுப் பாட்டையும் தூக்கிப் போட வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் அதே இடத்தில், அதே தூரத்தில் நின்று மறுபடி பாடி ஒட்டிக்கொள்ளலாம்.